சிறையில் உருவான கிறித்தவ ஆன்மிக நூல்கள்

கிறித்தவ ஆன்மிக இலக்கியத்தில் இன்றளவும் வாசிக்கப்படும் நூல்கள் சில, சிறையில் எழுதப்பட்டவை அல்லது சிறை அனுபவத்திலிருந்து பிறந்தவை. இவற்றின் முன்னோடி புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. பவுலின் பெயரில் வழங்கும் எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர், பிலேமோன் ஆகிய நான்கு நிருபங்களும் 'சிறை நிருபங்கள்' எனப்படுகின்றன. எபேசியரையும் கொலோசெயரையும் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மற்ற இரண்டைப் பற்றி அவ்வளவு ஐயம் இல்லை. பிலிப்பியர் நிருபத்தில், விலங்கிடப்பட்டிருப்பவர் வெளியே இருப்பவர்களை மகிழ்ச்சியாயிருக்கும்படி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறார். நான்கே அதிகாரங்கள் கொண்ட இதை ஒரே அமர்வில் வாசித்துவிடலாம்.

போயத்தியசு

இத்தாலியை ஆண்ட தியோடோரிக் மன்னனின் அவையில் உயர் பதவி வகித்தவர் போயத்தியசு. அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஏறத்தாழ 524ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். மரணத்தை எதிர்நோக்கியிருந்தபோது அவர் எழுதிய 'மெய்யியலின் ஆறுதல்' உரைநடையும் செய்யுளும் மாறி மாறி வரும் ஐந்து பகுதிகளைக் கொண்டது. மெய்யியல் ஒரு பெண்ணுருவில் வந்து அவருடன் உரையாடுகிறது. நல்லவர் துன்புறுவதும் தீயவர் செழிப்பதும் ஏன் என்பதே கேள்வி. கிறித்தவரான ஆசிரியர் இந்நூலில் கிறித்துவின் பெயரை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. ஆயினும் இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவர்கள் இதைத் தங்கள் நூலாகவே போற்றினர்.

ஜான் பனியன்

இவ்வகை நூல்களில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது, ஆங்கிலேயரான ஜான் பனியன் (1628–1688) எழுதிய 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்'. பனியன் கல்லூரி சென்றவர் அல்லர். பழைய பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. இங்கிலாந்தில் மன்னராட்சி மீண்ட 1660இல், அரசுத் திருச்சபைக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பிரசங்கித்ததற்காகக் கைது செய்யப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதி கூறியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் மறுத்துவிட்டார். பெட்போர்டு சிறையில் 12 ஆண்டுகள் கழிந்தன.

அந்த மறுப்பின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. வெளியே இளம் மனைவி எலிசபெத்தும், முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளும் இருந்தனர். மூத்த மகள் மேரிக்குப் பார்வை இல்லை. சிறையில் நாடாக்களுக்கு முனை பொருத்தி விற்றுக் குடும்பத்துக்குச் சிறிது பணம் அனுப்பினார். 1666இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், அந்த மகளை எண்ணித் தாம் பட்ட வேதனையை அவர் மறைக்கவில்லை. மனச்சாட்சிக்காகத் துன்பம் ஏற்பவர், தம்மைச் சார்ந்தவர்களையும் அத்துன்பத்துக்குள் இழுக்கலாமா? நூல் இக்கேள்விக்கு எளிதான விடை தரவில்லை. அதனாலேயே நம்பகமாக இருக்கிறது.

'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' நூலைப் பனியன் சிறையிலேயே எழுதத் தொடங்கினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. முதற்பகுதி 1678இலும் இரண்டாம் பகுதி 1684இலும் அச்சாயின. முதுகில் பாவச் சுமையுடன் அழிவின் நகரைவிட்டு வான நகரை நோக்கி நடக்கும் கிறிஸ்தியானின் கதை இது. வழி தவறும் கிறிஸ்தியானும் அவனது தோழனும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபடும் பகுதியைக் கவனித்து வாசிக்க வேண்டும். அரக்கன் அவர்களை அடிக்கிறான்; தற்கொலை செய்துகொள்ளவும் தூண்டுகிறான். பல நாள் கழித்தே, எல்லாப் பூட்டையும் திறக்கும் 'வாக்குறுதி' என்ற சாவி தன் மார்பில் இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவுக்கு வருகிறது. கடைசிக் கதவின் பூட்டு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை என்று பனியன் சேர்த்துக்கொள்வது, பூட்டுகளை அறிந்தவரின் எழுத்து.

இந்நூல் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் தமிழ் உரைநடையில் கிடைக்கிறது. இதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய காப்பியம் 'இரட்சணிய யாத்திரிகம்'. திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். 1894இல் வெளிவந்த இக்காப்பியம் ஐந்து பருவங்களில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் ஆனது. கம்பராமாயணத்தில் ஊறிய நடை. மூலத்தில் விரிவாக இல்லாத கிறித்துவின் பாடுகளை இவர் விரித்துப் பாடுகிறார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் பதிகங்களும் உள்ளன. ஆதலால் இதை மொழிபெயர்ப்பு என்பது பொருந்தாது.

சிலுவையின் யோவான்

எசுப்பானியரான சிலுவையின் யோவானைச் (1542–1591) சிறைவைத்தவர்கள் அவருடைய கார்மேல் சபையினரே. சபைச் சீர்திருத்தத்தில் ஈடுபட்டதற்காக 1577 டிசம்பரில் பிடிக்கப்பட்ட அவர், தொலேடோ நகர மடத்தின் சிற்றறை ஒன்றில் அடைக்கப்பட்டு, 1578 ஆகஸ்டில் தப்பினார். 'ஆன்மிகப் பாடல்' நூலின் பெரும்பகுதி அங்கே உருவானது. செபத்தில் கடவுளின் அருகாமை உணரப்படாத காலத்தை அவர் பின்னர் 'இருண்ட இரவு' என்று விளக்கினார். செபம் வறண்டுபோனதென வருந்துவோருக்குப் பயன்படும் நூல்தான். ஆனால் தொடக்க வாசகருக்குக் கடினம்.

போன்ஹோபர்

செருமானிய லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோபர் 1939இல் நியூயார்க் சென்று, சில வாரங்களிலேயே நாடு திரும்பினார். போருக்குப் பின் தம் மக்களோடு திருச்சபையைக் கட்டியெழுப்ப வேண்டுமானால், போர்க்காலத் துன்பத்தையும் அவர்களோடு பகிர வேண்டும் என்பது அவர் முடிவு. நாசி ஆட்சிக்கு எதிரான இரகசியக் குழுவுடன் தொடர்பிலிருந்த அவர் 1943 ஏப்ரல் 5 அன்று கைதாகி, பெர்லினின் டேகல் சிறையில் வைக்கப்பட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று பிளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

டேகலிலிருந்து எழுதிய கடிதங்களை அவரது நண்பர் எபர்ஹார்டு பெத்கே தொகுத்து 1951இல் வெளியிட்டார். உயர்ந்த இறையியலுடன் புத்தகம், புகையிலை, விமானத் தாக்குதல் பற்றிய அன்றாடச் செய்திகளும் அவற்றில் கலந்திருக்கின்றன. பிறர் தம்மை அமைதியும் துணிவும் உடையவராகக் காண்பதையும், உள்ளே தாம் அலைக்கழிவதையும் எதிரெதிரே நிறுத்தும் கவிதை ஒன்றும் உண்டு. 'மதமற்ற கிறித்தவம்' பற்றிய கடிதங்கள் முழுமை பெறாத சிந்தனைகள்; அவற்றைத் தனியே பிரித்து மேற்கோள் காட்டுவது அவரைத் தவறாகப் புரிந்துகொள்ளச் செய்யும். எனவே சீடத்துவம் குறித்து அவர் 1937இல் வெளியிட்ட நூலை முதலில் வாசிப்பது நல்லது. மனமாற்றம் கோராத மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று அவர் சாடியது அதில்தான்.

இந்நூல்களைப் புதிதாக வாசிப்போர் பிலிப்பியர் நிருபத்தில் தொடங்கி, 'மோட்சப் பிரயாணம்', போன்ஹோபரின் கடிதங்கள் என்று செல்லலாம். யோவானுக்கும் போயத்தியசுக்கும் விளக்கவுரையோடு கூடிய பதிப்புத் தேவைப்படும்.