கார் வாங்கப் போகிறீர்களா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி என்பார்கள். ஒரு காலத்தில் படியேறித்தான் முருகனைத் தரிசிக்க வேண்டும். இப்போது மலைப் பாதையில் கோயிலுக்குப் பக்கம் வரை வண்டியிலேயே போய்விடலாம். அங்கே வந்து நிற்கும் வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். ஜீப்பைப் போல் மிடுக்கும் உயரமும், ஆனால் நீளத்தில் குட்டையுமான சின்னக் கார்கள் பல இருக்கும். ‘கிராஸோவர்’ என்கிறார்கள், ‘குட்டி எஸ்.யூ.வி.’ என்றும் சொல்வதுண்டு.

ஊர் திரும்பியதும் வீட்டில் பேச்சு ஆரம்பமாகிவிடும். “நாமும் ஒன்று வாங்கினால் என்ன?” என்பார் வீட்டுக்காரர். “லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்குமாம்?” என்பான் பையன்.

வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகளே, அந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கட்டினால்தான் ஆபத்து!

திருத்தணிக்கு அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலையில் தயாராகும் ‘ஹூண்டாய் எக்ஸ்டர்’ காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் இது விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை 5,99,900 ரூபாய். கியரைக் கையால் மாற்றும் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 19.4 கிலோமீட்டர் ஓடும் என்று அறிவித்தார்கள்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? பரிசோதனைச் சாலையில், உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏறக்குறைய 20 நிமிஷம் குறிப்பிட்ட வேகங்களில் ஓட்டி அளந்த எண் அது. அங்கே பூந்தமல்லி நெரிசல் இல்லை. திருத்தணி மலை ஏற்றம் இல்லை. பின் ஸீட்டில் மாமியாரும் மூன்று குழந்தைகளும் பலகாரக் கூடையும் இல்லை. ஏ.ஸி.கூட ஓடவில்லை. ஆகையால் நம் கணக்குக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம். வருஷப் பெட்ரோல் செலவு 66,700 ரூபாய். விளம்பரத்தில் சொன்னபடியே 19.4 கொடுத்தால் 51,500 ரூபாய். வித்தியாசம் மாதத்துக்குச் சுமார் 1,270 ரூபாய். சின்னத் தொகையல்ல, ஆனால் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

காட்சிசாலை விலை 7 லட்சம் உள்ள காரை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் காரின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணைப்படி, ஐந்தாவது வருஷ முடிவில் பாதி மதிப்பு கழிந்துவிடும். அதாவது 3,50,000 ரூபாய். வருஷத்துக்கு 70,000! பெட்ரோலைவிட இது அதிகம். இதற்குப் பில் வருவதில்லை. விற்கும் நாளில்தான் தெரியும்.

அடுத்தது கடன். 6 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 12,455 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,47,000. ‘தவணை குறையட்டுமே’ என்று 7 வருஷமாக நீட்டினால் மாதம் 9,653 தான். ஆனால் வட்டி 2,10,000-ஐத் தாண்டிவிடும்! தவணை இளைத்தால் வட்டி பருக்கிறது.

பிறகு வரி. நாலு மீட்டர் நீளத்துக்கும் 1,200 ஸி.ஸி.க்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. முன்பு செஸ்ஸோடு 29 ஆக இருந்தது. இது நல்ல செய்தி. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். 7 லட்சத்துக்கு 91,000 ரூபாய். 15 வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷம் சுமார் 6,000.

இனி கூட்டிப் பார்ப்போம். மதிப்புக் குறைவு 70,000, வட்டி 29,500, சாலை வரி 6,000, இன்ஷூரன்ஸுக்கு உத்தேசமாக 15,000. ஆக 1,20,500 ரூபாய். வாசலில் உறை போட்டு மூடி வைத்தாலும் இந்தச் செலவு உண்டு. நாள் ஒன்றுக்கு 330 ரூபாய். அதாவது திருத்தணியில் ஒவ்வொரு படிக்கும் 330 ரூபாய் வைத்துக்கொண்டே ஏறுவது போல!

இதனுடன் பெட்ரோலும், ஸர்வீஸுக்கும் டயருக்குமாக 12,000-மும் சேர்த்தால் வருஷம் ஏறக்குறைய 2 லட்சம். கிலோமீட்டருக்கு 20 ரூபாய். பெட்ரோல் இதில் மூன்றில் ஒரு பங்குதான். சென்னையிலிருந்து திருத்தணி போய் வர சுமார் 170 கிலோமீட்டர். ‘பெட்ரோலுக்கு 1,130 ரூபாய்தானே’ என்று தோன்றும். உண்மைச் செலவு 3,400.

ஓட்டம் குறையக் குறைய இது ஏறும். வருஷம் 4,000 கிலோமீட்டர்தான் என்றால் கிலோமீட்டருக்கு 38 ரூபாய் ஆகிவிடும். அந்தக் குடும்பத்துக்குச் சென்னை மின்சார ரயிலும், வேண்டியபோது வாடகைக் காரும் போதும்.

அப்படியானால் காரே வேண்டாமா? முழங்கால் வலிக்கும் தாயாரைக் கிருத்திகை தோறும் மலைக்கு அழைத்துப் போகும் திருப்திக்கு விலை சொல்ல முடியாது. வாங்குங்கள், ஆனால் கணக்குத் தெரிந்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் சிக்கனம் செய்ய வழி உண்டு. டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையிறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள், பிரேக்குக்கு ஆபத்து. கியரில் இருந்தபடி காலை எடுத்தால், இக்காலத்து எஞ்சின் தானாகவே பெட்ரோலை நிறுத்திவிடும். திருப்பதிக்குப் போகிறவர்கள் திருத்தணியிலேயே டாங்கியை நிரப்பிக்கொள்வது வழக்கம். எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் விற்பனை வரி அதிகம், பெட்ரோலும் விலை அதிகம்.

முக்கியமாக, பழைய பால் கணக்கு நோட்டைப் போல் காருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரே பங்க்கில் டாங்கியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுமுறை நிரப்பும்போது லிட்டரால் வகுத்துப் பாருங்கள். விளம்பரம் சொல்லாததை அந்த நோட்டு சொல்லும். அதை எழுத வீட்டில் உங்களைவிடத் தகுந்தவர் யார்?