வாழ்க்கைப் படிகள் எட்டு

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துப் பார்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்பு முதலாகப் பத்துப் பருவங்களைக் கூறுகிறது. தலை நிமிர்த்தி அசைந்தாடுவது செங்கீரை. கைகொட்டி மகிழ்வது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. உடலைப் போலவே உள்ளமும் படிப்படியாக வளர்கிறது. அவ்வளர்ச்சி முதுமை வரை தொடர்கிறது. இதனை விளக்கியவர் உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன் ஆவார்.

இவர் 1902ஆம் ஆண்டு ஜெர்மனியில், டென்மார்க் நாட்டுத் தாய்க்குப் பிறந்தார். தம்மைப் பெற்ற தந்தை யாரென்றே அறியாது வளர்ந்தார். 1933இல் அமெரிக்காவில் குடியேறினார். 'நான் யார்?' என்னும் வினா அவருக்கு ஏட்டு வினா அன்று, வாழ்க்கை வினா. 1950இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்னும் நூலில் அவர் எட்டுப் படிகளை வகுத்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டு உணர்வுகள் போராடுகின்றன என்பது அவர் கருத்து.

1. முதல் ஒன்றரை ஆண்டு: நம்பிக்கையும் அவநம்பிக்கையும்
2. மூன்று வயது வரை: தன்னுரிமையும் நாணமும்
3. ஐந்து வயது வரை: முன்முயற்சியும் குற்றவுணர்வும்
4. பன்னிரண்டு வரை: உழைப்பூக்கமும் தாழ்வுணர்வும்
5. பதினெட்டு வரை: தன்னடையாளமும் குழப்பமும்
6. நாற்பது வரை: நெருக்கமும் தனிமையும்
7. அறுபத்தைந்து வரை: அடுத்த தலைமுறையைப் பேணுதலும் தேக்கமும்
8. முதுமை: மனநிறைவும் விரக்தியும்

இவ்வயதெல்லைகள் தோராயமானவையே. ஒரு படியில் நேர்ந்த குறையைப் பின்னரும் ஈடுசெய்ய இயலும்.

வளைகுடாவில் வாழும் நமக்கு இப்படிகள் சில தனித்தன்மையோடு வாய்க்கின்றன. தந்தை இங்கே, குடும்பம் ஊரிலே என வாழும் இல்லங்கள் பல. விடுப்பில் வரும் தந்தையைக் கண்டு தாயின் பின்னே ஒளியும் குழந்தைக்கு அன்பு இல்லை என்பதில்லை. அடிக்கடி கண்டு பழகிய முகத்தின் மீதே முதற்படியின் நம்பிக்கை பிறக்கிறது. ஆகவே தந்தையர் பொறுமை காத்தல் வேண்டும்.

பெற்றோர் மிகவும் கருத வேண்டியது ஐந்தாம் படியே. இங்குப் பிறந்த நம் பிள்ளைகள் பெற்றோரின் குடியுரிமையையே பெறுகின்றனர். ஷார்ஜாவில் 'எந்த நாடு?' என்று வினவினால் 'இந்தியா' என்றோ 'இலங்கை' என்றோ விடையிறுக்கும் பிள்ளையை, ஊருக்குச் சென்றால் 'துபாய்ப் பிள்ளை' என்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பலர் கல்லூரிக்காகப் பெற்றோரைப் பிரிகின்றனர். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தால், மணமாகாத மகன் 25 வயது வரை தந்தையின் பொறுப்பில் வசிக்க வழி ஏற்பட்டுள்ளது. எனினும், 'நான் யார்?' என்னும் வினா எழும் வயதிலேயே, வாழ்ந்த ஊரை விட்டு நீங்கும் நிலையும் பலருக்கு வருகிறது.

அவ்வேளையில் உடன் செல்லக்கூடியது மொழி. பாட்டியோடு தடையின்றிப் பேசவும் ஊர்ப் பெயர்ப்பலகையைப் படிக்கவும் தெரிந்த பிள்ளை, ஊருக்கு விருந்தாளியாகச் செல்வதில்லை. அம்மொழி நான்காம் படியிலேயே ஊன்றப்பட வேண்டும். 'என்னால் முடியும்' என்னும் ஊக்கம் வளரும் வயது அது. எழுத்துப் பிழையைக் கண்டு நகைத்தால் தாழ்வுணர்வே மிஞ்சும்; பிழையின்றி எழுதிய ஒரு வரியைப் பாராட்டினால் மறுவரி தானே வரும்.

பெற்றோராகிய நாமும் வளர்ந்து முடிந்தவர்கள் அல்லர். நம்மில் பலர் ஏழாம் படியில் நிற்கின்றோம். 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்க்காகக் காந்தியடிகள் போராடியபோது அவருக்கு வயது 48. அப்போராட்டத்தை ஆராய்ந்து எரிக்சன் 1969இல் ஒரு நூலே எழுதினார். பிறருக்காக வாழ்வதே அப்பருவத்தின் நிறைவு. பொருளீட்டுதல் அதன் ஒரு பகுதியே. நேரம் ஈதல் மறுபகுதி.

மாணவச் செல்வங்களே! 'நான் யார்?' என்று உங்கள் உள்ளம் வினவும்போது அஞ்சவேண்டா. அது வளர்ச்சியின் அறிகுறி. பெற்றோர்களே! அவ்வினாவிற்கு உடனே விடை கூறிவிடாமல், வார விடுமுறையில் பிள்ளைகளின் அருகமர்ந்து செவிசாய்ப்போமாக.