நனைந்த கூடு

கம்பத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது குளிரில் சாகும் குஞ்சுகளைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் மலைச்சாலையில் ஏறினால் சிரிப்பு அடங்கிவிடும். மேகமலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். கம்பத்தைவிட 1,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறையும். கோடைமழை இரண்டு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால் பகலிலேயே கம்பளி தேட வேண்டும். செம்மீசைச் சின்னான் என்ற பறவை குஞ்சு வளர்க்கும் பருவமும் இந்தக் கோடைமழைக் காலம்தான். குஞ்சைக் கொல்வது குளிர் என்பது பாதி உண்மை. மழையோடு கூடிய குளிர் கொண்டுவரும் பசிதான் பெரிய எதிரி என்பது என் கட்சி.

பறவையின் உடல் வெப்பம் சுமார் 40 டிகிரி. வளர்ந்த பறவை இறகை உப்பவைத்துக் காற்றைச் சிறைப்பிடித்தும், மார்புத் தசையை நடுக்கியும் அதைக் காத்துக்கொள்ளும். சின்னான் குஞ்சோ பொரிக்கும்போது வெற்றுத் தோல். முதல் சில நாள்களுக்குச் சூடு தாயின் வயிற்றிலிருந்துதான் வர வேண்டும். தாய் அணைத்தபடி இருந்தால் இரை குறையும். இரைக்குப் போனால் குஞ்சு விறைக்கும். வெயில் நாளில் புழுபூச்சி சீக்கிரம் அகப்படுவதால் இரண்டையும் சமாளிக்கலாம். மழையில் பூச்சிகள் இலைக்கடியில் முடங்க, தாய் வெளியே அலையும் நேரம் நீள்கிறது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின் மழை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நாள்கணக்கில் பெய்தபோது, பறக்கும் பூச்சிகளையே நம்பியிருந்த ஊதாத் தகைவிலான்கள் குஞ்சும் பெரியதுமாகப் பட்டினியில் மடிந்தன. ஜூன் அங்கே கோடை!

உறைபனி நாட்டிலும் குருவி பிழைக்கிறதே என்று கேட்கலாம். பிழைப்பது உலர்ந்த இறகும் கொத்தித் தின்ன விதையும் உள்ள வளர்ந்த குருவி. அதை ஈர இறகுத் தாயோடும் வெற்றுடல் குஞ்சோடும் ஒப்பிட முடியாது. காலங்காலமாக இந்த மழையில் வாழும் பறவைக்கு வழி தெரியாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. தெரியும். தேன்சிட்டு தன் தொங்குகூட்டின் பக்கவாசலுக்கு மேல் தாழ்வாரமே இறக்கிவிடுகிறது. சின்னானின் கூடு திறந்த கிண்ணம். அதன் தற்காப்பு வேறு. கூடு அழிந்தால் மறுபடி கட்டி, மறுபடி இரண்டு மூன்று முட்டை இடும். அதனால் ஒரு மழை ஓர் இனத்தை அழிப்பதில்லை. ஆனால் அடைகாக்கப் பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னொரு பன்னிரண்டு நாள் என்பது கணக்கு. ஏப்ரல் நடுவில் கூட்டை இழந்த தாய்க்கு அந்த அவகாசம் இருக்கிறது. மே நடுவில் இழந்தால், குஞ்சு பறப்பதற்குள் தென்மேற்குப் பருவமழை வந்து நிற்கும்.