மூலமும் படியும்
கணினி வட்டை இயங்கும் நிலையிற் படியெடுத்தல்

பனையோலை ஏடு நெடுங்காலம் நிலைபெறுவதன்று. செல்லும் இராமபாணமும் ஈரமும் அதனை அரித்தொழிக்கும். ஆதலின் நம் முன்னோர் ஏடு பழுதுறுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டிற் படியெழுதி வைத்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்ற முடிந்தமைக்குக் காரணம், பெயரறியப்படாத பலர் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வந்தமையே. இந்நாளில் நம் எழுத்துக்கள் ஓலையையும் தாளையும் விட்டுக் கணினியின் வன்தட்டிற் குடிபுகுந்துள்ளன. இடம் மாறிற்றேயன்றி இடர் மாறவில்லை. வன்தட்டும் ஒருநாட் பழுதுறுவதே. அன்று நம் கையிற் படி உண்டா என்பதே வினா.

படி என்பது எத்தகையதாதல் வேண்டும் என முதற்கண் ஆராய்வோம். வன்தட்டில் உள்ளவை இருதிறத்தன. ஒன்று, நாம் ஆக்கிய கடிதம், கட்டுரை, புள்ளிப் பட்டியல், நிழற்படம் முதலியன. மற்றொன்று, கணினியை எழுப்பி நடத்தும் பணிசெயல் முறைமையும், அதன்மேல் இயங்கும் மென்பொருள்களும், எழுத்துருக்களும், பிற அமைப்புக்களுமாம். பெரும்பாலார் முன்னையதை மட்டும் படியெடுத்து மனநிறைவு அடைகின்றனர். அது தவறன்று, ஆயினும் நிறைவுடையதுமன்று. பரீட்சைப் பெறுபேறுகளை மறுநாள் வெளியிட வேண்டிய ஒரு கல்லூரி அலுவலகத்தை எண்ணிப் பார்க்க. அன்று வட்டுப் பழுதுறின் கோப்புக்கள் வேறிடத்து இருந்தும் பயனில்லை. புதிய வட்டு வாங்கிப் பணிசெயல் முறைமையை நிறுவி, மென்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அச்சுப்பொறியை இணைத்து முடிக்க நாட்கள் செல்லும். இயங்கவல்ல நேர்படி ஒன்று இருக்குமாயின், பழுதுற்ற வட்டைக் கழற்றி அதனைப் பொருத்திய அளவில் வேலை தொடரும்.

இனி, கோப்புக்களையெல்லாம் வேறொரு வட்டில் இட்டுவிட்டால் அது தானே இயங்காதோ எனின், இயங்காது. அதன் காரணம் கணினி விழித்தெழும் முறையில் உள்ளது. மின்சாரம் பாய்ந்தவுடன் கணினியிற் பதிந்துள்ள ஒரு சிறு செய்நிரல் வட்டை நாடுகின்றது. பழைய முறையில் அது வட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுக்களை வாசிக்கும். அவற்றுள் 446 தொடக்கக் கட்டளைக்கும், 64 வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கும், இறுதி 2 அடையாளத்துக்கும் உரியன. பிந்திய கணினிகளில் இதற்கென வட்டில் ஒரு தனிச் சிறு பிரிவே ஒதுக்கப்பட்டு, அதனுள் தொடக்கச் செய்நிரல் வைக்கப்படுகின்றது. இவை சாதாரணமாக நம் கண்ணுக்குப் புலப்படுவனவல்ல. ஆகவே, புலப்படும் கோப்புக்களை மட்டும் படியெடுத்தல், பெட்டகத்தைப் பொருளால் நிரப்பித் திறவுகோலை மறந்தமை போலாம்.

குறையற்ற படியைப் பெறுதற்கு எளிய வழி, வட்டின் முதற் கூறு தொடங்கி இறுதிக் கூறு ஈறாக உள்ளதை உள்ளவாறே மற்றொரு வட்டில் எழுதுதலாம். யூனிக்சு வழிப்பட்ட முறைமைகளில் 'டிடி' என்னும் கட்டளை இதனைச் செய்யும். தாய்வானில் ஆக்கப்பட்ட 'குளோன்சில்லா' என்னும் இலவச மென்பொருள், எழுத்துள்ள பகுதிகளை மட்டும் ஆராய்ந்தெடுத்துப் படியெடுத்து நேரத்தைச் சுருக்கும். எனினும் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. 500 கிகாபைற்று வட்டினைச் செக்கனுக்கு 100 மெகாபைற்று வீதம் எழுதின் 5,000 செக்கன், அஃதாவது ஏறக்குறைய 83 நிமிடம் ஆகும். நாடோறும் இதனைச் செய்வார் அரியர். கடினமான நல்வழக்கம் சில நாளிற் கைவிடப்படும்; கைவிடப்பட்ட மறுநாளே வட்டுப் பழுதுறுதலுங் கூடும்.

இக்குறையை நீக்க எழுந்ததே மாறியவற்றை மட்டும் புதுக்கும் முறை. முதன்முறை முழுப்படி எடுக்கப்படும். பின்னர் மூலத்தையும் படியையும் ஒப்புநோக்கிப் புதியனவற்றைச் சேர்த்தும், திருந்தியவற்றை மாற்றியும், மூலத்தில் நீக்கப்பட்டவற்றை நீக்கியும் படி புதுக்கப்படும். கொக்குவிலிலிருந்து வெளிவரும் வாக்கிய பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் காண்போர் இதனை எளிதில் உணர்வர். அதன் கட்டமைப்பும் தலைப்புக்களும் பெரும்பாலும் மாறா, நாள்நிலைகளே மாறுவன. அச்சுக்கோப்பவர் ஒருவர் நிலையானவற்றை அவ்வாறே விட்டு மாறுவனவற்றை மட்டும் புதிதாகக் கோப்பாராயின் உழைப்பு எத்துணை குறையும்! அவுஸ்திரேலியாவில் அன்றூ திறிட்ஜெல், போல் மக்கெராஸ் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட 'ஆர்சிங்க்' என்னும் மென்பொருள் இவ்வகையிற் பெயர்பெற்றது. கோப்பின் அளவையும் இறுதியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் நோக்கி, வேறுபட்டவற்றை மட்டும் அது படியெடுக்கும். ஒருநாளில் மாறியது 2 கிகாபைற்றாயின், மேற்கூறிய வேகத்தில் எழுதுதற்கு 20 செக்கன் போதும். ஒப்புநோக்கும் நேரமே மிகுதியாம்.

இம்முறையிற் கருத்திற் கொள்ள வேண்டியவை சில உள. முதலாவது, கணினி இயங்கும்போதே படியெடுத்தால், ஒரு கோப்பின் முற்பகுதி பழையதாகவும் பிற்பகுதி புதியதாகவும் அமைந்துவிடலாம். தரவுத்தளங்கட்கு இது பெருந்தீங்கு. ஆதலின் ஒரு கணத்தின் நிலையை உறையச் செய்து அதனின்று படியெடுத்தலோ, வேறொரு வட்டினாற் கணினியை எழுப்பிப் படியெடுத்தலோ நன்று. இரண்டாவது, ஒவ்வொரு வட்டுக்கும் பிரிவுக்கும் அடையாள எண் உண்டு. நேர்படி அவ்வெண்ணையும் படியெடுத்துவிடும். இரு வட்டும் ஒருங்கே பொருத்தப்படின் எது மூலம், எது படி எனக் கணினி மயங்கும். மூன்றாவது, எல்லாக் கணினிகளும் ஒரு தன்மையன அல்ல. 2020 முதல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் பணிசெயல் முறைமைகளில், முறைமைப் பகுதி முத்திரையிட்டுக் காக்கப்படுவதால், இயங்கவல்ல படியெடுத்தல் முன்போல் எளிதன்று. நான்காவது, படியிலிருந்து கணினியை ஒருமுறையேனும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். சோதிக்கப்படாத படி நம்பிக்கையேயன்றிப் பாதுகாப்பன்று.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுளது. நேர்படி மூலத்தின் நிழல். மூலத்தில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்துப் பின் படியைப் புதுக்கின் அங்கும் அது அழியும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'வன்னாகிரை' போன்ற தீநிரல் கோப்புக்களைப் பூட்டியபின் புதுக்கின், பூட்டிய கோப்புக்களே படியிலும் ஏறும். ஆகவே இரு வட்டுக்களை மாறி மாறிப் பயன்படுத்துதல் வேண்டும்; புதுக்கும் நேரம் தவிர ஏனை நேரமெல்லாம் அவற்றைக் கணினியினின்று பிரித்து வைத்தல் வேண்டும்; மாற்றப்பட்ட கோப்புக்களின் பழைய வடிவங்களைச் சில காலம் பேணுதலும் வேண்டும். படி எத்துணை உண்மையாக மூலத்தைப் பின்பற்றுகின்றதோ, அத்துணை உண்மையாக அதன் பிழையையும் பின்பற்றும். ஏடெழுதியோர் வரலாறும் இதனையே கூறும். அதனாலன்றோ பதிப்பாசிரியர்கள் ஒரு படியோடு அமையாது பல படிகளைத் தேடி ஒப்புநோக்கினர்.

படி இருக்கும் இடமும் எண்ணத்தக்கது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் ஏட்டுச் சுவடிகளோடு சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. வேறிடத்துப் படியில்லாத ஏடு எழவில்லை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலையோ இன்றும் நம் கையில் உளது. அஃது அச்சேறிப் பலவிடத்தும் பரவியிருந்தது. 1879இலேயே பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொழும்பில் வெளிவந்திருந்தது. 1995 ஒற்றோபரில் வலிகாமத்து மக்கள் வீடு துறந்து சென்றபோது சுமக்கக்கூடியவற்றையே எடுத்துச் சென்றனர். அலுமாரி நிறைந்த நூல்களைச் சுமந்தவர் எத்துணையர்? 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் படியெடுத்துப் பேணி வருவது இவ்விழப்புக்களை உணர்ந்தமையாலாகும்.

ஆகவே ஒரு படி கணினியின் அருகிலும், மற்றொரு படி வேறு ஊரிலும் இருத்தல் வேண்டும். அருகிலுள்ளது வட்டுப் பழுதுறும் நாளிற் காக்கும்; தொலைவிலுள்ளது தீயும் வெள்ளமும் போரும் வரும் நாளிற் காக்கும். உள்ளங்கை அளவான ஒரு வட்டும் வாரத்தில் அரைமணி நேரமுமே இதற்கு வேண்டுவன. நம் கல்லூரிகளின் இடாப்புக்களும், ஆசிரியரின் ஆய்வுகளும், மாணவரின் ஆக்கங்களும் இன்று ஒரேயொரு வட்டில் தங்கியுள்ளனவாயின், அவை ஒரேயோர் ஏட்டில் தங்கிய நூலின் நிலையிலேயே உள்ளன. இதனை வாசிப்போர், தம் கணினியின் படி இறுதியாக எந்நாளிற் புதுக்கப்பட்டது என இன்றே நோக்குவாராக.