மூக்கன் துரையும் காணிக்காரரும்

மலையும் மனிதரும் – 14

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டும் வேலை 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்தது. திருவிதாங்கூரை அப்போது ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள். வேலையை நடத்தியவர் ஹம்ப்ரே அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர். நம் ஊர்க்காரர்களுக்கு ‘மூக்கன் துரை’. 1913-ல் இறந்தவரை அணைப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். விவசாயிகள் இன்றும் அந்தக் கல்லறைக்கு மாலை போடுவதுண்டு.

அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டனும் மலைக்காரர்களைத் தேடிப் போனார். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில், இந்த மலைகளின் பழங்குடிகளான காணிக்காரர்களின் உயரத்துக்கும் மூக்குக்கும்கூட அளவு இருக்கிறது. மூக்கின் அகலத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பது அன்று விஞ்ஞானம். ஊர்க்காரர்களும்தான் துரையின் மூக்கைப் பார்த்துப் பேர் வைத்தார்கள். அது கேலியோடு போயிற்று. துரைமார் எடுத்த அளவோ அரசாங்கத்தின் அறிவாகிவிட்டது.

இருந்தும், மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே சிநேகத்துக்கு என்றும் பஞ்சமில்லை. எதிரிகளுக்குத் தப்பிக் காட்டில் அலைந்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவைக் காணிக்காரர்கள் காப்பாற்றினார்கள் என்பது வாய்மொழி வரலாறு. ஓணத்துக்கு முன்னால் அகத்தியமலைக் காணிகள் தேனும் மூங்கில் சாமான்களும் சுமந்து திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போவதும், அரச குடும்பத்தார் துணியும் பணமும் கொடுத்தனுப்புவதும் இன்றும் நடக்கிறது. இரண்டு பக்கமும்தான் கொடுக்கிறார்கள். ஆனால் தேன் கொண்டுபோனவர் காணிக்கை செலுத்தியவர்; துணி கொடுத்தவர் வள்ளல்.

அணையின் கதையும் அப்படித்தான். தண்ணீர் கீழே வயல்களுக்குப் போயிற்று. மேலே, தோட்டமலைக் காணிக் குடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நீர்த்தேக்கத்தைப் படகில் கடக்க வேண்டியிருக்கிறது. மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் சந்தைக்கு வருவதும் படகில்தான். கல்லறைக்கு மாலை போடும் நாம், இந்தக் கடவில் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்டதில்லை.

சிநேகத்தைப் பங்காக மாற்றிப் பார்த்த ஒரு முயற்சி, மலையின் கேரளப் பக்கத்தில் நடந்தது. 1987-ல் அகத்தியமலை ஏறிய விஞ்ஞானிகள் மூச்சிரைக்க, வழிகாட்டிய காணிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. மருந்து செய்யும் உரிமையைக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தபோது வந்த 10 லட்சம் ரூபாயிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-ல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. பிலாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் இதை எதிர்த்தார்கள். எல்லாருடைய அறிவையும் ஒருசிலர் கையில் கேட்டு வாங்கினால் போதுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் ‘உனக்கு இத்தனை’ என்று எழுதிக்கொடுத்தது அதுதான் முதல்முறை.

2006-ன் வன உரிமைச் சட்டம் அதையும் தாண்டியது. காட்டுக் குடிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதாக அதன் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. பயிர்செய்து வாழும் நிலத்துக்கு, குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். அந்தக் கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராமசபை. துரையின் தயவு, ராஜாவின் பிரியம் எதையும் நம்பி நிற்க வேண்டியதில்லை. பட்டா கையில் இருக்கிற காணியோடு கைகுலுக்கும்போதுதான் கீழ்நாட்டுக்காரரின் சிநேகத்துக்கும் மரியாதை வரும்.

(அடுத்த வாரம்: இலங்கையிலிருந்து வந்து நம் மலையில் ரப்பர் பால் வெட்டியவர்கள்)