கத்திரி வெயிலும் எங்க வீட்டு மணியும்

போன வருஷம் கத்திரி வெயிலில் எங்க வீட்டு நாய் மணி சாகப் பிழைக்கக் கிடந்தது. தப்பு என்னுடையதுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சங்கிலியில் கட்டிவிட்டுப் பரீட்சைக்குப் போய்விட்டேன். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மதியம் வந்து பார்த்தால் வாயெல்லாம் நுரை, ஈறு ரத்தச் சிவப்பு, கால் தள்ளாடுது. பதறிப்போய் ஈரச் சாக்கைப் போர்த்தினேன். அதுவும் தப்பாம்! கால்நடை மருத்துவர் திட்டிக்கொண்டே விளக்கினார்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம். மூச்சிரைத்து, நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். நாம் படித்த அதே உள்ளுறை வெப்பம்தான்; ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் 500 கலோரிக்கு மேல் கொண்டுபோகும். கூலிங் டவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். காற்றோட்டம் இல்லாவிட்டாலோ, காற்றில் ஈரம் கூடினாலோ டவர் படுத்துவிடும். சப்பை மூக்கு பக் நாய்க்கு டவரே சின்னது. நான் போர்த்திய சாக்கு, நேரம் ஆக ஆகக் கம்பளியாகிவிட்டது.

நாயின் இயல்பான உடல் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே நிழலில் போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, ஃபேன் போட வேண்டும், ஆஸ்பத்திரி அப்புறம். மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கொதிக்கும், குடத்துத் தண்ணீரை எடுங்கள். வாயில் பலவந்தமாக ஊற்றினால் புரையேறும்.

இப்போ மணிக்குச் சங்கிலி கிடையாது. வேப்பமரத்தடி, இரண்டு மண்சட்டித் தண்ணீர். ஒன்றைக் கவிழ்த்துவிட்டு அந்த ஈரத்திலேயே படுத்துக்கொள்கிறது.