பூட்டு போனுக்கா, லைனுக்கா?

கல்லாச் சாவியை இடுப்பை விட்டு இறக்காத வியாபாரிகூட, கடைப் போனைப் பொது மேஜையில்தான் வைத்திருக்கிறார். யார் பேசினாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பில் கட்ட வேண்டும். "நாங்கள் பேசவில்லை" என்ற பதில் சுலபத்தில் எடுபடாது. ஆகவே வருமுன் காப்பதே நமக்கு லாபம்.

பழைய பாடம்

நம் நாட்டில் எஸ்.டி.டி. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கியது. அது சென்னைக் கடைகளுக்கும் வந்தபின், டிரங்க் கால் பதிந்து காத்திராமல் விருதுநகர் பருப்பு விலையையும் ஈரோட்டு மஞ்சள் விலையையும் உடனுக்குடன் கேட்டறிந்தோம். வசதியோடு தொல்லையும் வந்தது.

அக்காலத்தில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகரிலும் பல கடைகளில் போனின் எண் வட்டில் சிறு பூட்டு தொங்கும். வட்டு சுழலாது, வாஸ்தவம். ஆனால் ரிசீவர் வைக்கும் கொக்கியை எண்ணுக்குத் தக்கபடி தட்டினால், டயல் செய்ததாகவே எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் பூட்டைத் தொடாமலே பேசினார்கள். தெருப் பெட்டியில் கம்பியை இழுத்துப் பேசியவர்களுக்கோ அந்தப் பூட்டு ஒரு தடையே அல்ல.

பின்னர் எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகளில், ரகசிய எண் கொடுத்து எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி.யை நாமே பூட்டும் வசதி வந்தது. அந்தப் பூட்டு இருந்த இடம் எக்ஸ்சேஞ்ச். கருவியில் போடும் பூட்டைவிட லைனில் போடும் பூட்டே காக்கும் என்பதுதான் பாடம்.

இன்றைய திருட்டு

2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்கள் இந்தியா முழுதும் நிமிடம் ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு எஸ்.டி.டி. பயம் தணிந்தது. ஐ.எஸ்.டி. பயம் தணியவில்லை. இ.பி.ஏ.பி.எக்ஸ். அல்லது இன்டர்நெட் வழிப் போன் அமைப்பு வைத்திருக்கும் கடைகளில் திருடன் உள்ளே வர வேண்டியதில்லை. வெளியிலிருந்தே நுழைந்து 0000, 1234 போன்ற மாற்றப்படாத ரகசிய எண்களை முயன்று பார்ப்பான். வழி கிடைத்தால், கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு நம் லைனில் அழைப்புகளை அனுப்புவான். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு அவன் கைக்கே போகும். இரவு, ஞாயிறு, தீபாவளி, பொங்கல் விடுமுறை ஆகியவையே அவனுக்கு வசதியான நேரம்.

செய்ய வேண்டியவை

1. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால், இணைப்பு தரும் நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். தேவையென்றால் ஒரே லைனில், செலவு வரம்புடன் வையுங்கள்.

2. எக்ஸ்டென்ஷனுக்கு ஏற்ப அனுமதி கொடுங்கள். கிடங்குக்கு உள்பேச்சு மட்டும் போதும். கவுண்ட்டருக்கு இந்திய எண்கள் போதும்.

3. அமைப்பைப் பொருத்திய அன்றே ரகசிய எண்களை மாற்றுங்கள். அதை அறிந்தவர் வேலையை விட்டுப் போனால் மீண்டும் மாற்றுங்கள்.

4. வெளியிலிருந்து கடை எண்ணைக் கூப்பிட்டு, கடை லைன் வழியாக வேறிடம் பேசும் வசதியைப் பயன்படுத்தாவிட்டால் மூடச் சொல்லுங்கள். வாய்ஸ் மெயிலிலிருந்து வெளியே அழைக்கும் வழியையும் அடையுங்கள்.

5. ஷட்டர் இறங்கியபின் வெளி அழைப்பு போகாதபடி நேரம் வைக்கச் சொல்லுங்கள்.

6. வாரம் ஒருமுறை அழைப்புப் பட்டியலைப் பாருங்கள்.

7. இந்திய எண்ணுக்கு முன் வருவது 91. வேறு குறியீட்டுடன் தெரியாத மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிட வேண்டாம்.

கடைக் கைபேசிக்கும் ஒரு வார்த்தை. ஸ்டார் 401 என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி, நமக்கு வரும் அழைப்புகளைத் தம் பக்கம் திருப்பிக்கொண்ட மோசடிகள் நடந்தன. அதனால் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் அந்தக் குறியீட்டு முறையை நிறுத்தச் சொன்னது. போனில் யார் சொன்னாலும் எதையும் அழுத்த வேண்டாம். ஏமாற்றி நம் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள். பில்லில் சந்தேகம் என்றால் இணைப்பு தரும் நிறுவனத்துக்கு அன்றே எழுத்தில் கொடுங்கள்.

முடிவாக ஒன்று. பெரிய பில் வந்தால் முதல் சந்தேகம் கடைப் பையன்மேல்தான் விழுகிறது. ஊரிலிருக்கும் தாயாரின் உடல்நலம் கேட்க இரண்டு நிமிடம் பேசியவன், முகம் தெரியாத ஒருவன் செய்த திருட்டுக்குப் பழி சுமக்கிறான். வருடக்கணக்கில் உழைத்தவர் அந்த ஒரு சொல்லுக்காகவே வேலையை விட்டுப் போவதும் உண்டு. லைனுக்குப் போடும் பூட்டு நம் பணத்தோடு அவர் மானத்தையும் காக்கும். அங்கத்தினர்கள் அனைவரும் இந்த மாதமே இதைச் செய்து முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.